பழைய சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தின் வலிமை போதுமா?

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டது. தரையை ஒட்டிய பகுதியில் செங்கல் சந்துகளிலிருந்து சாந்து உதிர்கிறது. சுண்ணாம்பில் வலிமை இராது, சிமென்ட் கொண்டு பாயின்டிங் (சந்துகளைச் சாந்தால் நிரப்புதல்) செய்துவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம். சுண்ணாம்புச் சாந்து வலிமை குறைந்தது என்பது உண்மையே. 53 கிரேடு சிமென்ட்டில் மூன்று பங்கு மணல் கலந்து வார்த்த சோதனைக் கட்டி, 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்புச் சாந்தோ அதே வயதில் ஒரு நியூட்டனை ஒட்டியே நிற்கும். ஆனால், 8 மீட்டர் உயரச் செங்கற்சுவர் தன் எடையால் அடிவரிசையில் தரும் அழுத்தம் சுமார் 0.15 நியூட்டன்தான். தளங்களின் பாரத்தைச் சேர்த்தாலும், சாதாரண வீட்டில் அந்தச் சாந்து தாங்கும் அளவுக்குள்ளேயே அது அடங்கிவிடும். மேலும், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும் சுண்ணாம்பு, 28 நாளுக்குப் பிறகும் நெடுங்காலம் வலுப்பெற்றுக்கொண்டே இருக்கும்.

பழுதுபார்க்கும் சாந்து செங்கல்லைவிட மென்மையாகவும், ஈரத்தை எளிதில் வெளிவிடுவதாகவும் இருப்பதே முக்கியம். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புச் சந்துகள் வழியே உலர்ந்து வெளியேறும். உப்பு அங்கே பூத்து உதிர்ந்தாலும், கெடுவது மாற்றக்கூடிய சாந்து மட்டுமே. சந்துகளைச் சிமென்ட்டால் அடைத்துவிட்டால் அதே ஈரம் செங்கல் வழியே வெளியேற, உப்பு செங்கல்லின் முகத்துக்குள் படிகமாகி அதைப் பொடியாக்கும். செங்கல் கரைந்து குழிந்துபோக, சிமென்ட் வரி மட்டும் துருத்தி நிற்கும் சுவர்களை நம் ஊர்களில் எத்தனையோ பார்க்கலாம். கெட்டிப்பட்ட சிமென்ட்டைச் செங்கல் உடையாமல் பெயர்த்தெடுப்பதும் அரிது.

உதிர்ந்த சந்துகளை அவற்றின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்குக் கையுளியால் சுரண்டி, தண்ணீர் தெளித்து நனைத்து, நன்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குக் கழுவிய மணல் மூன்று பங்கு வீதம் கலந்து அழுத்தி நிரப்பச் சொல்லுங்கள். ஈரம் மிகுந்த இடத்தில் மணலில் ஒரு பகுதிக்கு மாற்றாக, குறைந்த வெப்பத்தில் சுட்ட செங்கல்லைப் பொடித்த சுர்க்கியைச் சேர்த்தால், சாந்து நீரிலும் இறுகும். நிரப்பியபின் ஒரு வாரமாவது ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். வெயிலில் விரைந்து உலர்ந்த சாந்து வெறும் பொடியாகிவிடும். சுவர் பிதுங்கியோ அகலமாக விரிசல் விட்டோ இருந்தால், சாந்து வேலையைத் தொடங்கும் முன், பழைய கட்டடங்களை அறிந்த பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.