4294967297: ஒரே எண், பல கேள்விகள்

2³² + 1 = 4294967297 என்ற எண்ணைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: இது பகா எண்ணா?

பதில்: இல்லை. 641 × 6700417. இந்த இரண்டு காரணிகளும் பகா எண்கள்.

கேள்வி: கடைசி இலக்கம் 7. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. அப்படியானால் பகா எண்தானே?

பதில்: கடைசி இலக்கம் 2, 5 இரண்டைப் பற்றி மட்டும் பேசும். கூட்டுத்தொகை 3, 9 பற்றிப் பேசும். 641 பற்றி இரண்டுமே வாய் திறக்காது.

கேள்வி: பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா இதைப் பகா எண் என்று நம்பியது ஏன்?

பதில்: 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 வைத்து 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசை முழுவதும் அப்படியே போகும் என்று 1640-இல் எழுதினார். நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் சொன்னார். அடுத்த எண்ணிலேயே அது உடைந்ததை 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார். மாணவர்களுக்கு நான் ஓயாமல் சொல்வது இதுதான்: ஐந்து எடுத்துக்காட்டுகள் நிரூபணம் ஆகா.

கேள்வி: 641 என்பது 116-ஆவது பகா எண். அத்தனை முறை வகுத்துப் பார்க்கும் பொறுமை ஃபெர்மாவிடம் எதிர்பார்க்கக் கூடாது. அவரைக் குறை சொல்வது நியாயமா, ஐயா?

பதில்: 116 முறை தேவையே இல்லை! ஒரு பகா எண் இதை வகுத்தால், அதனிடம் 2³² விடும் மீதி −1 (அதாவது, 1 கூட்டினால் மீதியின்றி வகுபடும்). ஆகவே 2⁶⁴ விடும் மீதி 1. 64-ஐவிடச் சிறிய எந்த அடுக்கும் மீதி 1 தராது. அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்து அதை 2-இன் அடுக்காக வைத்தாலும் மீதி 1 வரும். எனவே அந்த அடுக்கு 64-இன் மடங்கு. அதாவது காரணி 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடுகிறது.

கேள்வி (அவரே): அது ஆய்லர் கண்ட வழி. ஃபெர்மா காலத்தில் அந்தக் கருவி ஏது?

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன். 'பகா எண்ணில் ஒன்று குறைத்து அடுக்காக வைத்தால் மீதி 1' என்று நான் பயன்படுத்திய தேற்றம் ஃபெர்மாவுடையது. அதே 1640-இல் அவரே அறிவித்தது! குறை சொல்லவில்லை, கருவி அவர் கையிலேயே இருந்தது என்கிறேன். ஆய்லரின் பெருமை அதைக் கொண்டு சோதித்ததில் இருக்கிறது.

கேள்வி: கணிப்பான் இல்லாமல் சரிபார்க்க முடியுமா?

பதில்: முடியும், அழகாகவே. 641 = 5 × 2⁷ + 1; 641 = 5⁴ + 2⁴. 641-ஆல் வகுத்தால், முதலாவதன்படி 5 × 2⁷ விடும் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ விடும் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ வைக்கலாம். −2³² விடும் மீதி 1. ஆக 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

கேள்வி: 2, 3, 5, 7, 11 எதனாலும் வகுபடவில்லையே. பகா எண் இல்லையா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இது அதிர்ஷ்ட எண்ணா?

பதில்: என் துறை அன்று.

கேள்வி: காரணி தெரியாமலே இது பகு எண் என்று சொல்ல வழி உண்டா?

பதில்: உண்டு. 65536² + 1² ஒரு வழி. 62264² + 20449² இன்னொரு வழி. பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதங்களில் எழுதவே முடியாது.

கேள்வி: 65537-க்குப் பிறகு இந்த வரிசையில் பகா எண்ணே கிடையாது என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். 2-இன் அடுக்கு 2⁵ (அதாவது 32) முதல் 2³² வரை உள்ளவை எல்லாம் பகு எண்கள் என்று தெரியும். அதற்கு மேல் வரும் அனைத்துக்கும் பொருந்தும் நிரூபணம் எவரிடமும் இல்லை.