கனடாவுக்கு அகதியாக வந்த பிள்ளைகள் படிப்பில் மேலே வர நாம் எப்படி உதவலாம்?

நான் 2000இல் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவுக்கு வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவன். இப்போது சனிக்கிழமைகளில் புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நம் ஆட்கள் ஏமாறுவது பேச்சில்தான். வந்து இரண்டு வருடத்தில் பிள்ளை கூட்டாளிகளோடு பொரிந்து தள்ளுவான். சரி, இவனுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது என்று வீட்டிலும் பள்ளியிலும் முடிவு கட்டிவிடுவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் இஎஸ்எல் வகுப்பு நின்றுவிடும். அப்புறம் வரலாற்றுக் கட்டுரையில் 50 எடுத்தால் சோம்பேறி என்பார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்து ஜிம் கம்மின்ஸ் இதை எப்போதோ பிரித்துக் காட்டிவிட்டார்: பேச்சு மொழி ஏறக்குறைய 2 வருடத்தில் வரும், பாட மொழியில் மற்றவர்களை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 வருடமாவது வேண்டும். 14 வயதில் வந்தவனுக்குப் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு வருடம் ஏது?

என் கதையும் அதுதான். ஊரில் கணக்கில் 90க்குக் குறைந்ததில்லை. இங்கே முதல் சோதனையில் பாதிக்கு மேல் வெற்றுத்தாள். பைதகரசு தேற்றம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'ஹைப்பாட்டனியூஸ்' என்றால் செம்பக்கம் (கர்ணம்) என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். என்னை 'அப்ளைட்' என்ற செயல்முறைப் பாடப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி ஒரு தாள் வந்தது. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா கையெழுத்துப் போடப் போனார். அதில் போனால் பல்கலைக்கழகத்துக்குச் சுற்றுவழிதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அப்போது யோர்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா அப்பாவோடு பள்ளிக்கு வந்து, 'இவனுக்குக் கணக்குத் தெரியும், சொல்தான் தெரியாது' என்று பேசினார். நான் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழியான 'அகடமிக்' பிரிவிலேயே இருந்தேன்.

அந்த அக்கா செய்ததைத்தான் உங்களையும் செய்யச் சொல்வேன். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒன்பதாம் வகுப்பில் இப்போது அந்தப் பிரிவுகள் இல்லை. கணக்கில் 2021இலும் மற்றப் பாடங்களில் 2022இலும் எடுத்துவிட்டார்கள். ஆனால் 11ஆம் வகுப்பில் பல்கலைக்கழகப் பாடமா, கல்லூரிப் பாடமா (இங்கே கல்லூரி என்றால் பெரும்பாலும் தொழிற்கல்வி) என்ற தெரிவு இன்னும் இருக்கிறது. பாடம் தெரிவு செய்யும் நேரத்தில் பெற்றோரோடு போய் உட்காருங்கள்.

வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தமிழில் புரிந்த கணக்கை இங்கிலீஷில் திரும்பப் படிக்க வேண்டியதில்லை, பெயரை மாற்றினால் போதும்.

விசா சிக்கலில் இருக்கும் குடும்பங்கள் பிள்ளையைச் சேர்க்கவே பயப்படுகின்றன. பெற்றோருக்குக் குடியேற்றப் பத்திரம் இல்லை என்பதற்காகப் பிள்ளையை மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோ கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை அவர்களிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, டாக்டரிடமும் வக்கீலிடமும் மொழிபெயர்க்கப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு ஒரே மாதத்தில் நாலு நாள் அப்படிப் போயிருக்கிறது. உங்களுக்கு நேரம் இருந்தால் அந்த வேலைக்கு நீங்கள் போங்கள்.