ஸைரியு கார்டை யாருக்குக் காட்ட வேண்டும், யாருக்கு வேண்டாம்: ஜப்பானில் இருக்கும் நம் ஆட்களின் கேள்விகளுக்குப் பதில்

ஸைரியு கார்டு, அதாவது ஜப்பானில் நீண்டநாள் தங்கும் வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள அட்டை, அது சம்பந்தமான கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்திருக்கின்றன. டோக்கியோவில் நிஷிகசாய் பக்கத்தில் புதிதாக வரும் குடும்பங்களோடு வார்டு ஆபீஸுக்கும் ஷினாகவா இமிக்ரேஷனுக்கும் துணைக்குப் போய்வருவது பல வருஷமாக என் வழக்கம். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். விசா நிராகரிப்பு, போலீஸ் வழக்கு மாதிரி விஷயங்களுக்கு கியோசெய்ஷோஷியிடமோ (அரசு விண்ணப்பங்களைத் தயாரித்துத் தரும் உரிமம் பெற்றவர்) வக்கீலிடமோதான் போக வேண்டும், அந்தக் கேள்விகளை இங்கே எடுக்கவில்லை.

அக்கா, பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போகும்போதும் கார்டு கையில் இருக்கணுமா?

இருக்கணும். 16 வயது நிரம்பிய எல்லாருக்கும் இது சட்டப்படி கடமை. கையில் இல்லை என்றால் 2 லட்சம் யென் வரை அபராதம். போட்டோ எடுத்து போனில் வைத்திருப்பதோ ஜெராக்ஸோ செல்லாது, அசல் கார்டுதான் வேண்டும். டூரிஸ்டாக வந்திருக்கும் உங்கள் அப்பா அம்மாவுக்குக் கார்டு கிடையாது, அவர்கள் பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்திருக்க வேண்டும். பெரியவர்கள் தொலைத்துவிடுவார்கள் என்று பாஸ்போர்ட்டை வீட்டு அலமாரியில் பூட்டிவைக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பாஸ்போர்ட்டில் எனக்கு சர்நேம் இல்லை, கிவன் நேம் மட்டும்தான். எல்லா ஃபார்மிலும் இரண்டு பெட்டி இருக்கிறது. என்ன எழுதுவது?

நம் ஆட்களுக்கென்றே உள்ள தலைவலி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸைரியு கார்டில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் ஆங்கில எழுத்தில் அப்படியே வரும். சர்நேம் காலியாக இருந்தால் அப்பா பெயரும் உங்கள் பெயரும் ஒரே வரியில் வந்துவிடும், அதில் தப்பில்லை. சிக்கல் ஆரம்பிப்பது கதகானாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில், எழுதும்போது. கார்த்திகேயன் என்ற பெயரை வார்டு ஆபீஸில் ஒருவர் 'காருதிகேயன்' என்று எழுதுவார், பேங்கில் இன்னொருவர் நடுவில் நெடில் கோடு போட்டு 'காரூதிகேயான்' என்று எழுதுவார், கம்பெனி ஹெச்ஆர் தன் காதில் விழுந்ததை எழுதிக்கொள்வார். பாஸ்புக்கில் இருக்கும் கதகானாவும் சம்பளம் போடும் கம்பெனி கொடுத்த கதகானாவும் ஓர் எழுத்து மாறினாலும் பணம் திரும்பிப் போய்விடும். முதல் மாதச் சம்பளம் வராமல் தவிக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான்.

அதனால் ஜப்பானில் இறங்கிய முதல் வாரத்திலேயே உங்கள் பெயரின் கதகானா வடிவம் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். எது முதல் பெட்டி, எது இரண்டாம் பெட்டி என்பதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதுங்கள். முகவரி பதியும்போது வார்டு ஆபீஸில் அதே வடிவத்தைக் கொடுத்து, வாங்கும் ஜூமின்ஹ்யோவில் (குடியிருப்புச் சான்று) பெயர் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள். பேங்க், போன், இன்சூரன்ஸ், நென்கின் (பென்ஷன்) எல்லாவற்றுக்கும் அந்தத் தாளைத்தான் நீட்ட வேண்டும். நென்கினில் பெயர் மாறிக் கிடந்தால் ஊருக்குத் திரும்பிய பிறகு தொகையைத் திரும்பக் கேட்கும்போதுதான் தெரியவரும், அதைக் கேட்பதற்கு 2 வருஷம்தான் கெடு, டோக்கியோவிலிருந்து திருச்சிக்குப் போனபின் அதைச் சரிசெய்ய அலைவது கொடுமை.

தூதரகத்தில் பாஸ்போர்ட்டை மாற்றி சர்நேம் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம், ஆனால் சேர்த்த 14 நாளுக்குள் இமிக்ரேஷனில் சொல்லிக் கார்டை மாற்ற வேண்டும், பிறகு பேங்கிலிருந்து எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். இங்கே வருவதற்கு முன்னால் செய்வதுதான் சுலபம்.

துபாய் வழியாகப் போகிறேன், அங்கே ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை விடமாட்டார்களாமே?

விசிட் விசாவில் உள்ளே போகிறவர்களுக்கு 2022 நவம்பரில் வந்த விதி அது. உங்கள் டிக்கெட்டுக்குப் பொருந்துமா என்று ஏர்லைன்ஸில் கேளுங்கள்.

ஹோட்டலில் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். நான் ஜப்பானிலேயே இருப்பவன், கொடுக்கணுமா?

வேண்டாம். ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரிடம்தான் நாட்டின் பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் கேட்டு எழுதவேண்டும் என்பது விதி. இங்கே குடியிருப்பவர் ஜப்பானியர் மாதிரியே முகவரி எழுதினால் போதும். கவுன்ட்டரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் இது தெரியாது, முகத்தைப் பார்த்ததும் 'பாஸ்போர்ட் ப்ளீஸ்' என்பார்கள். கோபப்படாமல் 'நிஹோன் நி ஸுன்தே இமாஸு' (ஜப்பானில்தான் வசிக்கிறேன்) என்று சொல்லி உங்கள் வார்டிலிருந்து தொடங்கி முகவரியை எழுதுங்கள், அநேகமாக அத்தோடு முடிந்துவிடும். அதற்கும் மேல் கேட்டால், இரவு பத்து மணிக்குக் குழந்தையோடு நிற்கும்போது கார்டைக் காட்டிவிட்டு ரூமுக்குப் போவது உங்கள் இஷ்டம், நான் குறை சொல்லமாட்டேன். ஜெராக்ஸ் எடுக்க மட்டும் விடாதீர்கள். கார்டு நம்பரும் முகவரியும் பிறந்த தேதியும் ஒரே தாளில் யாரோ ஒருவர் டிராயரில் கிடப்பது நல்லதில்லை.

ஜாகிங் போகும்போது கார்டு?

முதல் பதிலைப் பாருங்கள்.

ஸ்டேஷன் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்திக் கார்டு கேட்டார்கள். நான் ஒரு தப்பும் செய்யவில்லை. காட்டமாட்டேன் என்று சொல்லலாமா?

இதில் இரண்டு சட்டம் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்று, போலீஸ் கடமைச் சட்டம். யாரையாவது நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டுமானால், குற்றம் செய்திருப்பார் அல்லது செய்யப்போகிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் வேண்டும் என்கிறது இது. எங்கே போகிறாய், பையில் என்ன என்பதற்கெல்லாம் பதில் சொல்லியே தீர வேண்டும் என்றில்லை. விருப்பமில்லாமல் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போகவும் முடியாது. இன்னொன்று, இமிக்ரேஷன் சட்டம் 23ஆம் பிரிவு. பணியில் இருக்கும் போலீஸோ இமிக்ரேஷன் அதிகாரியோ கார்டைக் கேட்டால் காட்டியாக வேண்டும். மறுத்தால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது 2 லட்சம் யென் வரை அபராதம். அதாவது வாயைத் திறக்காமல் இருக்கலாம், பையைத் திறக்கவும் மறுக்கலாம், ஆனால் கார்டைக் காட்ட மறுப்பது குற்றம். காட்டுங்கள், 'ரியூ வ நான் தெஸு கா' என்று காரணத்தைக் கேளுங்கள், அவர்களுடைய அடையாள அட்டையையும் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் சைக்கிள். நம் ஆட்களை அதிகம் நிறுத்துவது சைக்கிளில் போகும்போதுதான். ஃப்ரேமில் ஒட்டியிருக்கும் மஞ்சளோ ஆரஞ்சோ நிற ஸ்டிக்கர் நம்பரை வைத்து அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று அங்கேயே ரேடியோவில் கேட்பார்கள். ஊருக்குப் போன நண்பன் சும்மா கொடுத்துவிட்டுப்போன சைக்கிள் என்றால் நீங்கள் நடுரோட்டில் அரைமணி நேரம் நின்று விளக்க வேண்டியிருக்கும். சைக்கிளை உங்களுக்கே கொடுத்துவிட்டதாக நண்பனிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, சைக்கிள் கடையில் உங்கள் பெயருக்குப் பதிவை மாற்றிவிடுங்கள்.

(மேலே சொன்னதற்கு ஒருவர்) இதெல்லாம் எதற்கு அக்கா? இரண்டு நிமிஷம் கார்டைக் காட்டிவிட்டுப் போனால் போச்சு. பிழைக்க வந்த இடத்தில் நமக்கெதற்கு வம்பு?

(அதற்கு இன்னொருவர்) நான் எட்டாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படித்தேன். என் கூட நடந்து வந்த ஜப்பானிய நண்பர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் நிறுத்துகிறார்கள். இரண்டு நிமிஷம் உங்களுக்குப் பெரிதில்லை, எனக்குப் பெரிது.

இந்த இருவரையும் தொடர்ந்து இன்னும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இரண்டாவது தம்பி பக்கம். கார்டைக் காட்டுவதும் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம்.

'பிழைக்க வந்த இடம்' என்று சொல்பவர் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கார்டு வந்தது 2012 ஜூலை 9ஆம் தேதி. அதற்கு முன்னால் 1952ஆம் வருஷத்து வெளிநாட்டவர் பதிவுச் சட்டப்படி வேறு ஒரு அட்டை, அதற்கு 1955இலிருந்து விரல்ரேகையும் பதிய வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த கொரியர்களும் வரிசையில் நின்று குற்றவாளிகள் மாதிரி விரலில் மை தடவிக்கொண்டார்கள். 1980இல் ஷின்ஜுகு வார்டு அலுவலகத்தில் ஹான் ஜோங்-சோக் என்ற கொரியர், பதியமாட்டேன் என்று சொன்னார். அவர் மேல் வழக்குப் போட்டார்கள். பின்னாலேயே ஆயிரக்கணக்கானவர்கள் மறுத்தார்கள். 1993இல் நிரந்தர வாசிகளுக்கும், 2000இல் எல்லாருக்கும் அந்த விரல்ரேகைப் பதிவு போய்விட்டது. அந்தக் கொரியக் குடும்பங்களைப் போன்ற சிறப்பு நிரந்தர வாசிகளுக்கு 2012இலிருந்து அட்டையை எப்போதும் கூடவே வைத்திருக்கும் கடமையும் இல்லை. இன்று ஷினாகவாவில் விரலில் மை இல்லாமல் கார்டு வாங்கிக்கொண்டு வருகிறோம் என்றால் அவர்கள் வம்பு செய்ததால்தான். (விமான நிலையத்தில் விரல்ரேகை எடுப்பது 2007 நவம்பரில் வந்தது, அது வேறு.)

2024 ஜனவரியில் மூன்று பேர் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், தோற்றத்தைப் பார்த்தே போலீஸ் திரும்பத் திரும்ப நிறுத்துகிறது என்று. அவர்களில் ஒருவர் ஜப்பானியக் குடியுரிமை பெற்றவர். யோசித்துப் பாருங்கள், அவரிடம் ஸைரியு கார்டே கிடையாது, இல்லாத கார்டை எங்கிருந்து காட்டுவார்? நாளைக்கு நம் பிள்ளைகள் குடியுரிமை வாங்கினாலும் நிறம் மாறப்போவதில்லை. நிறுத்தப்பட்டால் நேரம், இடம், என்ன கேட்டார்கள் என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள். இந்தப் பேச்சை இத்தோடு நிறுத்திவிட்டு மற்றவர்கள் கேள்விக்கு வருகிறேன்.

மாணவன் நான். ஆறு மாதம் ஆகவில்லை என்று பேங்க் அக்கவுண்ட் தர மறுக்கிறார்கள்.

ஆறு மாதக் கணக்கு அந்நியச் செலாவணிச் சட்டத்திலிருந்து வருகிறது. வந்து ஆறு மாதம் ஆகாதவர் அதன் கண்ணில் இங்கே வசிக்காதவர். இங்கே ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இந்தக் கணக்குக் கிடையாது, முதல் நாளிலிருந்தே வசிப்பவர்தான். அதனால் வேலைக்கு வந்தவர்கள் கம்பெனி அட்டையையும் காட்டுங்கள். மாணவர்கள் கல்லூரி வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டால் எந்தக் கிளைக்குப் போகலாம் என்று சொல்வார்கள். அக்கவுண்ட் கிடைத்தபின், கார்டு புதுப்பித்ததும் புதுக் கார்டைப் பேங்குக்குக் காட்டுங்கள், பழைய தேதி தாண்டினால் அக்கவுண்டை முடக்கிவிடுவார்கள். படிப்பு முடித்து ஊருக்குப் போகும்போது 'அக்கவுண்டைக் கொடு, முப்பதாயிரம் தருகிறேன்' என்று எவனாவது வந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள், அது குற்றம்.

விசா நீட்டித்துவிட்டேன். மை நம்பர் கார்டு (ஒவ்வொருவருக்கும் அரசு தரும் எண் உள்ள அட்டை) தானாக நீளுமா?

நீளாது! நீளாது! இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். புது ஸைரியு கார்டு வந்ததும், பழைய தேதி முடிவதற்குள் வார்டு ஆபீஸுக்குப் போய் மை நம்பர் கார்டின் தேதியையும் நீட்ட வேண்டும். தேதி தாண்டினால் கார்டு செத்துவிடும், காசு கொடுத்துப் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். 2024 டிசம்பர் 2இலிருந்து புது இன்சூரன்ஸ் அட்டையும் தருவதில்லை, டாக்டரிடம் போவதற்கும் இந்தக் கார்டுதான் (மை நம்பர் கார்டு இல்லாதவர்களுக்குத் தகுதிச் சான்று ஒன்று அனுப்புவார்கள்). விசா முடிவு வரத் தாமதமானால், கெடுவுக்குள் விண்ணப்பித்திருந்தால் இரண்டு மாதம் வரை அவகாசம் உண்டு, அந்த இரண்டு மாதத்துக்கும் மை நம்பர் கார்டைத் தனியாகப் போய்த்தான் நீட்ட வேண்டும்.

வீடு மாறினேன், மூன்று மாதம் ஆகிறது, இன்னும் முகவரி மாற்றவில்லை.

நாளைக் காலை போங்கள். கெடு 14 நாள். 90 நாள் தாண்டினால் விசாவையே ரத்து செய்ய இடமிருக்கிறது.

வேலை மாறினால்?

அதுவும் 14 நாள், இமிக்ரேஷனுக்கு. ஆன்லைனில் முடியும்.

ஜே.ஆர். ரயில் பாஸ் வாங்கலாமா? கடைகளில் டாக்ஸ் ஃப்ரீ?

இரண்டும் டூரிஸ்டுகளுக்கு.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். கார்டை இங்கேயே வைத்துவிட்டுப் போகலாமா?

வேண்டாம், கையோடு கொண்டுபோங்கள். ஏர்போர்ட்டில் கொடுக்கும் சின்னத் தாளில் திரும்ப வருவேன் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். கார்டைக் காட்டி, அந்த டிக்கோடு போனால் ஒரு வருஷத்துக்குள் திரும்பி வரலாம். டிக் போடாமல் போனால் உங்கள் விசா அந்தக் கவுன்ட்டரிலேயே முடிந்துவிடும். அதிகாலை விமானம், தூக்கக் கலக்கம், கையில் குழந்தை, முன்னால் வரிசை, அந்த நிலைமையில்தான் விட்டுப்போகும். அதிகாரி தாளை வாங்கும்போது 'ஸாய்ந்யூகோகு' (திரும்ப வருவேன்) என்று வாயாலும் சொல்லுங்கள்.

வாக்கிங் போகும்போது கார்டு வேண்டுமா அக்கா?

வேண்டும்.

கார்டு தொலைந்துவிட்டது, பர்ஸோடு போய்விட்டது. கை நடுங்குகிறது.

பயப்படாதீர்கள்மா, இங்கே தொலைந்த பர்ஸ் திரும்பக் கிடைப்பது ரொம்பச் சகஜம். இன்றைக்கே பக்கத்து கோபானில் (தெருமுனைப் போலீஸ் சாவடி) புகார் கொடுத்து ரசீது நம்பர் வாங்குங்கள். பேங்க் கார்டுகளை முடக்குங்கள். ஒரு போட்டோ, பாஸ்போர்ட், அந்த நம்பர், மூன்றோடும் 14 நாளுக்குள் இமிக்ரேஷனுக்குப் போனால் கட்டணமில்லாமல் புதுக் கார்டு தருவார்கள். 'இமிக்ரேஷனிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டு குற்றத்தில் சிக்கியிருக்கிறது, பணம் அனுப்பு' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள், நிஜ ஆபீஸ் போனில் பணம் கேட்காது.

அடுத்த மாதம் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. குழந்தைக்கும் கார்டு உண்டா?

உண்டு, நல்லபடியாகப் பிறக்கட்டும். பிறந்த 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் பிறப்புப் பதிவு, 30 நாளுக்குள் இமிக்ரேஷனில் குழந்தைக்கு விண்ணப்பம். இந்தியப் பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை காத்திருந்தால் 30 நாள் ஓடிவிடும், பாஸ்போர்ட் இல்லாமலேயே விண்ணப்பம் எடுத்துக்கொள்வார்கள், இன்னும் வரவில்லை என்று காரணம் எழுதிக்கொடுத்தால் போதும். பெயரின் எழுத்துக்கூட்டலை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள், கதகானாவையும் சேர்த்து.