மூன்று பசு, இரண்டு ஏக்கர்: புல் ஏன் தீர்ந்துபோகிறது?

கேள்வி: எங்களிடம் மூன்று கறவைப் பசுக்கள் உள்ளன. இதுவரை கொட்டகையில் கட்டிப்போட்டு, வெட்டிய நேப்பியர் புல்லும், தானியமும் தவிடும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனமும் கொடுத்து வளர்த்தோம். தீவனச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2 ஏக்கர் புல்வெளியைச் சுற்றி வேலி போட்டு அவிழ்த்துவிட்டோம். முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் பால் குறைந்தது. ஒரு மாதத்துக்குள் நிலத்தில் பாதி கட்டாந்தரை ஆகிவிட்டது, மறுபாதியில் மாடுகள் தொடாத முற்றிய புல் நிற்கிறது. எங்களுக்கு மேய்ச்சல் ஒத்துவருமா, இல்லை கொட்டகைக்கே திரும்பிவிடலாமா?

பதில்: ஒத்துவரும். ஆனால் பால் குறைந்ததும் புல் தீர்ந்ததும் இரண்டு வேறு விஷயங்கள். பால் குறைந்ததில் ஒரு பங்கு நீங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டியது. புல் தீர்ந்ததுதான் தவிர்த்திருக்கக் கூடியது, அதை முதலில் பார்ப்போம்.

பாதி கட்டாந்தரை, பாதி முற்றிய புல் என்றாலே மாடுகளுக்கு முழு நிலமும் எந்நேரமும் திறந்து கிடந்தது என்று அர்த்தம். பசு இளசைத்தான் தேடும். இன்று கடித்த இடத்தில் நாலைந்து நாளில் துளிர் வந்தால், பக்கத்தில் இடுப்பளவு புல் நின்றாலும் அந்தத் துளிருக்கே திரும்பி வரும். கடிபட்ட புல் தன் முதல் இலையை அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த சத்தைச் செலவழித்துத்தான் விடுகிறது. இரண்டு மூன்று இலை விரிந்த பிறகே செலவழித்ததைத் திரும்பச் சேர்க்கும். அதற்குள் மறுபடி கடித்தால் வேர் சுருங்கும். இப்படியே தொடர்ந்தால் அந்தத் தூர் செத்துப்போகும். உங்கள் நிலத்தில் நடந்தது இதுதான். மாடுகள் அதிகம் என்பதைவிட, புல்லுக்கு ஓய்வு இல்லை என்பதே காரணம்.

எனவே நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு பாத்தி மட்டும் திறந்துவிடுங்கள். எவ்வளவு பெரிய பாத்தி என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 400 கிலோ எடையுள்ள கறவைப் பசு, தன் எடையில் ஏறக்குறைய 3 சதவீதம், அதாவது 12 கிலோ உலர் பொருள் தின்னும். உலர் பொருள் என்பது தீவனத்திலுள்ள தண்ணீரைக் கழித்த எடை. 3 கிலோ அடர்தீவனம் கொடுத்தால் மீதி 9 கிலோ புல்லிலிருந்து வர வேண்டும். இளம் புல்லில் உலர் பொருள் 18 சதவீதம் என்று வைத்தால், அது 50 கிலோ பச்சைப்புல். மூன்று பசுவுக்கு 150 கிலோ.

இனி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒன்றைப் புல்வெளியில் ஐந்தாறு இடங்களில் வைத்து, மாடு விட்டுவைக்க வேண்டிய உயரத்துக்கு மேலே உள்ளதை மட்டும் அறுத்து எடை போடுங்கள். சராசரி 600 கிராம் வந்தால், நாளொன்றுக்கு 250 சதுர மீட்டர் வேண்டும். உங்கள் 2 ஏக்கர் சுமார் 8,000 சதுர மீட்டர். ஆக, முப்பது பாத்திக்கு மேல் கிடைக்கும். ஒரு பாத்திக்குத் திரும்ப ஒரு மாதம் ஆகும். நல்ல வளர்ச்சிப் பருவத்தில் மூன்று பசுவுக்கு இது போதும். வளர்ச்சி குறையும் மாதங்களில் போதாது, அதில் சந்தேகமே வேண்டாம். அப்போதைக்கு வேண்டிய வெட்டுத் தீவனத்தையும் காய்ந்த புல்லையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். நேப்பியர் வயலை அழித்துவிடாதீர்கள்.

விட்டுவைக்கும் உயரம் புல்லைப் பொறுத்தது. அறுகு போலப் படரும் வகையில் 5 செ.மீ., நிமிர்ந்து வளரும் உயரப் புல்லில் 10 முதல் 15 செ.மீ. வரை. மாடு இன்னும் தின்னும்போல் தெரிந்தாலும் அந்த உயரத்தில் வெளியேற்றிவிடுங்கள். பலர் இந்த இடத்தில்தான் மனசு கேட்காமல் இன்னொரு நாள் விட்டுவைக்கிறார்கள்.

முப்பது நாள் என்பதைச் சட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம். மழையும் வெயிலும் சேர்ந்து கிடைக்கும் பருவத்தில் 20, 25 நாளிலேயே புல் தயாராகலாம். வறண்ட மாதத்தில் 50, 60 நாள்கூட ஆகும். நாள்காட்டியை விட்டுவிட்டுப் புல்லைப் பாருங்கள். வேகமாக வளரும்போது சில பாத்திகளைத் தாண்டிச் சென்று, அவற்றைப் பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்து உலர்த்திச் சேமியுங்கள். மெதுவாக வளரும்போது, மற்ற பாத்திகள் தேறும் வரை ஒரே பாத்தியிலோ கொட்டகையிலோ மாடுகளை நிறுத்திச் சேமித்த தீவனத்தைப் போடுங்கள். அந்த ஒரு பாத்தி கெட்டால் கெடட்டும்.

பிரிப்பதற்கு ஒற்றைக் கம்பி மின்வேலி போதும். பசுவின் மூக்கு உயரத்தில், 80 முதல் 90 செ.மீ. வரை கட்டினால் சரி. முன்னால் ஒரு கம்பி, மேய்ந்து முடித்த பக்கத்தை அடைக்கப் பின்னால் ஒரு கம்பி. மின்வேலிக்கென்றே தயாரித்த கருவியை மட்டுமே பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுத்தால் மாடும் சாகும், மனிதரும் சாவார்.

சரி, பாலுக்கு வருவோம். நல்ல புல் மட்டும் தின்று ஒரு நடுத்தரப் பசு நாளைக்கு 10 லிட்டர் அளவுக்குக் கொடுக்க முடியும். புல் முற்றியிருந்தால் அதுவும் கிடைக்காது. 18, 20 லிட்டர் கறக்கும் பசுவைப் புல்லிலேயே நிறுத்தினால், அது தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். விலா தெரியும், சினைப்பருவத்துக்கு வராது. அப்படிப்பட்ட மாட்டுக்கு 10 லிட்டருக்கு மேல் ஒவ்வொரு 2 லிட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ அடர்தீவனம் தொடரட்டும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால், குறைவாகக் கறக்கும் பசுவிடமிருந்து குறையுங்கள்; எல்லா மாட்டுக்கும் ஒரே அளவு வைப்பதுதான் வீண்.

நீங்கள் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தின்றதை நொதிக்கவைக்கும் பெருவயிற்றில் (இரைப்பையின் முதல் அறை) உள்ள நுண்ணுயிர்கள் புதிய தீவனத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். முதலில் தினம் இரண்டு மணி நேரம், அதுவும் காய்ந்த தீவனம் கொஞ்சம் தின்ற பிறகு. அப்புறம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அடர்தீவனத்தையும் நாலைந்து நாளுக்கு அரைக் கிலோ என்ற அளவில்தான் குறைக்க வேண்டும். குறைக்கும்போது அதன் வழியாகக் கிடைத்த தாது உப்பும் குறைந்துவிடும்; தனியாகக் கொடுங்கள்.

தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். கறவைப் பசு வெயில் நாளில் 60 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். தொட்டி கொட்டகையில் மட்டும் இருந்தால், நடக்கச் சோம்பி மாடு குடிக்காமலேயே நிற்கும், பால் அன்றைக்கே இறங்கும். பாத்தியோடு சேர்த்து நகர்த்தக்கூடிய தொட்டி வையுங்கள். நல்ல வெயில் காலத்தில் விடியற்காலையிலும் மாலைக்குப் பிறகும் மேயவிட்டு, நண்பகலில் நிழலில் கட்டுங்கள்.

வயிறு நிறைந்ததா என்று அறிய, மாட்டின் இடது பக்கம் கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள முக்கோணக் குழியைப் பாருங்கள். மேய்ந்து வந்த பிறகும் குழி ஆழமாக இருந்தால் பாத்தி போதவில்லை. சாணி தண்ணீராகப் போனால் புல் மிக இளசு, காய்ந்த புல் சேருங்கள். அடுக்கடுக்காகக் கெட்டியாக விழுந்தால் புல் முற்றிவிட்டது.

அதே இடது பக்கம் முரசு போல வீங்கி, மாடு மூச்சுத் திணறினால் அது உப்புசம். அந்த நிமிடமே மருத்துவரை அழையுங்கள். குதிரைமசால் போன்ற பயறு வகைத் தீவனம் நிறைந்த பாத்தியில், பனி ஈரத்தோடு, பசித்த மாட்டை விடும்போதுதான் இது அதிகம் வரும். இளஞ்சோளத்தையும் தள்ளிவையுங்கள். வறட்சியில் வாடிய சோளப் பயிரிலும், வெட்டியபின் துளிர்க்கும் சோளத்திலும் உயிரைக் குடிக்கும் சயனைடு நச்சு சேரும்.

கன்றுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தால், பெரிய மாடுகள் மேய்வதற்கு முன்பே அவற்றைப் புதுப் பாத்தியில் விடுங்கள். சாணியிலிருந்து வெளிவரும் குடற்புழுவின் இளம்புழுக்கள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில்தான் இருக்கும். நுனியை மட்டும் கடிக்கும் கன்றுக்கு அவை குறைவாகவே சேரும். குடற்புழு மருந்தை வாடிக்கையாக ஊற்றாமல், சாணியைப் பரிசோதித்துத் தேவையானால் கொடுங்கள். கறக்கும் பசுவுக்குக் கொடுத்தால், எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று மருந்துப் புட்டியில் போட்டிருக்கும். அத்தனை நாளும் அந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்க வேண்டாம்.