கட்டிங் மட்டும்தானே சிஸ்டர்!

(அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். போன திருவிழாவில் எங்கள் பிளஸ் டூ பையன்கள் மூன்று பேர் குடித்துவிட்டு ஒரே பைக்கில் போய்ப் பாலத்துச் சுவரில் மோதினார்கள். உயிர் பிழைத்தது குலசாமி புண்ணியம். மாணவர்களிடம் பேச ஒரு பீரியட் ஒதுக்கியிருக்கிறார் தலைமை ஆசிரியர். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்பதைத் தாண்டி என்ன பேசுவது?
— ஓர் ஆசிரியர், தேனி மாவட்டம்

பதில்: சார், அந்த மாதிரி வாசகம் பாட்டிலிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் மூடியைத் திருகுகிறார்கள். ஈரல் கெடும் என்று சொன்னாலும் பதினேழு வயதுக்காரனுக்கு அது தாத்தா காலத்துக் கவலை. இன்று ராத்திரி என்ன ஆகும் என்று பேசுங்கள்.

முதலில் கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுங்கள். 21 வயது ஆகாதவர்களுக்குக் கடையில் விற்கக் கூடாது. ஆனாலும் யாராவது ஓர் அண்ணன் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். குவார்ட்டரைப் பாதியாகப் பிரித்தால் ஒரு கட்டிங், 90 மில்லி. பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அப்படியென்றால் அந்தக் கட்டிங்கில் சுமார் 30 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள பையன் வெறும் வயிற்றில் அதை மடமடவென்று குடித்தால், 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 90 மில்லிகிராம் வரை ஏறும். வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 30. ஒரு மணி நேரத்தில் உடம்பு கழிப்பது சுமார் 15தான். மோர், எலுமிச்சை, தலைக்குத் தண்ணீர் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. கரகாட்டம் பார்த்துக்கொண்டே நடுராத்திரியில் குடித்தவன், மூன்று மணிக்கு “தெளிஞ்சிருச்சுடா” என்று வண்டியை எடுக்கும்போதும் எல்லைக்கு மேலேதான் இருக்கிறான். பையன்களையே கணக்குப் போட விடுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள்.

அடுத்தது தலைக்காயம். அதற்கு மீதி நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அடிபட்ட பையனைக் கூட்டி வரும் நண்பர்கள் வாசலிலேயே ஒன்று சொல்வார்கள்: “கட்டிங் மட்டும்தான் சிஸ்டர், போதையில தூங்குறான்.” பெரும்பாலும் விழுந்து சில மணி நேரம் ஆகியிருக்கும். வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று தோட்டத்து மோட்டார் ரூம் கட்டிலில் படுக்கப் போட்டிருப்பார்கள். விழுந்தவுடன் எழுந்து, “ஒண்ணும் இல்லடா” என்று சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பை நம்பக் கூடாது. காதுக்கு மேலே, பொட்டுப் பக்கம் மண்டை ஓடு மெலிசு. அங்கே அடிபட்டு உள்ளே ரத்தக்குழாய் கிழிந்தால், ரத்தம் மெல்லத் தேங்கி மூளையை அழுத்தும். முதலில் நன்றாகப் பேசுவான். அப்புறம் தலைவலி, வாந்தி, உளறல், கடைசியில் எழுப்ப முடியாத குறட்டை. குடித்தவனும் இதையெல்லாம்தான் செய்வான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. டார்ச் அடித்தால் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக இருக்கும். ஆனால் அது தெரிகிறபோது நேரம் ரொம்பக் கடந்திருக்கும். அதனால் குடித்தவன் தலையில் அடிபட்டு விழுந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108.

இதை வகுப்பில் செய்து பார்க்க வையுங்கள். ஒருவனைத் தரையில் படுக்க வைத்து, நான்கு பேர் சேர்ந்து தலையும் உடம்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இன்னொருவன் 108-க்குப் பேசுவது போலப் பேசட்டும். “எங்க ஊர்ப் பாலத்துக்கிட்ட” என்பான். எந்த ஊர், எந்தத் தாலுகா, மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நீங்கள் விடாமல் கேளுங்கள். பாதிப் பேருக்குச் சொல்ல வராது.

போலீஸ் பயத்தில்தான் ஒளித்து வைக்கிறார்கள். உதவிக்கு வந்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது, பிரிவு 134ஏ. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர விபத்துச் சிகிச்சைக்குப் பணம் இல்லை. இந்த இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

கனடாவில் டொரோண்டோ நகரத்து சன்னிபுரூக் மருத்துவமனையில் 1986-லேயே மாணவர்களை வரவழைத்து, அடிபட்டவன் ஆம்புலன்ஸிலிருந்து மறுவாழ்வுப் பிரிவு வரை போகும் பாதையைக் காட்டத் தொடங்கினார்கள். விபத்தில் சிக்கியவர்களே அங்கே வந்து பேசுவார்கள். உங்கள் ஊர்ப் பக்கமும் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் மனமுவந்து வருவதாக இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள், சார். காட்சிப் பொருளாக்க வேண்டாம்.

கேள்வி: பதினேழு வயது மகன் பைக் கேட்டு அடம்பிடிக்கிறான். “நம்ம ஊர் ரோட்டுல எவன் கேக்கப் போறான்” என்கிறார் என் கணவர். என்ன செய்ய?
— ஒரு தாய், சங்கரன்கோவில் அருகில்

பதில்: கேட்டால் அவரைத்தானம்மா கேட்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, 18 வயது ஆகாதவன் வண்டியோடு பிடிபட்டால் பெற்றவருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. இதை அவனிடமும் சொல்லுங்கள். 18 வயது முடிந்து லைசென்ஸ் எடுக்கும் வரை சாவி உங்கள் முந்தானை முடிச்சில் இருக்கட்டும். ஆமாம், பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் எங்கே போச்சு?

கேள்வி: சிஸ்டர், பொங்கல் லீவில் தோட்டத்துக் கிணற்றில் குதித்துக் குளிப்போம். அண்ணன்கள் பீர் கொண்டுவருவார்கள். எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். பீருக்கெல்லாம் பயப்படணுமா?
— பதினோராம் வகுப்பு மாணவன், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் ஒரு கட்டிங்கைவிட ஆல்கஹால் அதிகம். நீச்சல் தண்ணீருக்குள் போன பிறகுதான் உதவும். தண்ணீர் இறங்கிய கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்து பாறைத் திட்டில் மோதினால் கழுத்தெலும்பு ஒடியும், கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. போன வாரம் இருந்த ஆழம் இந்த வாரம் இருக்காது. பீர் உள்ளே போனால் அதைப் பார்க்கத் தோன்றாது. அண்ணன்கள் குடித்தால் அன்றைக்கு யாரும் கிணற்றில் இறங்க வேண்டாம். ஒருவன் விழுந்துவிட்டால் குடித்தவர் யாரும் காப்பாற்றக் குதிக்கவும் கூடாது. கிணற்று மேட்டில் நீளமான கயிறும் காற்றடித்த லாரி டியூபும் போட்டு வைக்கச் சொல்லி அப்பாவிடம் கேள். தூக்கும்போது கழுத்தை மடக்காமல் பலகையோடு தூக்கச் சொல்.