தனியாக ஓட்டினால் தேறும், சேர்த்து ஓட்டினால் தோற்கும் சோதனைகள்

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். ரசீது போடவும் பாக்கி பார்க்கவும் பைத்தானில் சிறிய நிரல் ஒன்றை நானே எழுதி, அதற்குப் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் சோதனைகளும் எழுதியிருக்கிறேன். வீட்டு லேப்டாப்பில் உபுண்டு, கடைக் கணினியில் விண்டோஸ். இவை போக, இரவு ஒரு மணிக்கு வாடகை சர்வர் ஒன்றிலும் சோதனைகள் தானாக ஓடுகின்றன. சில சோதனைகள் தனியாக ஓட்டினால் தேறுகின்றன, மொத்தமாக ஓட்டினால் தோற்கின்றன. ஒன்று சர்வரில் இரவில் மட்டும் தோற்கிறது. வரித் தொகை சில ரசீதுகளில் ஒரு ரூபாய் குறைகிறது. வாடிக்கையாளரின் தமிழ்ப் பெயர்கள் திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் சமமில்லை என்கிறது. அதே பெயர்க் கோப்பு கடைக் கணினியில் திறக்கவே மறுக்கிறது. இப்போதைக்கு, தோற்றால் மூன்று முறை மறுபடி ஓடும்படி வைத்திருக்கிறேன். வரிச் சோதனையில் எதிர்பார்க்கும் தொகையை 113-இலிருந்து 112 ஆக மாற்றிவிட்டேன். இது சரியா?

பதில்: சரியில்லை, இரண்டுமே. மூன்று முறை ஓட்டி ஒரு முறை தேறினால் போதும் என்றால் அந்தச் சோதனை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். தொகையை மாற்றியது அதைவிட மோசம். நிரல் போட்ட தப்புக் கணக்கையே சரியான விடை என்று எழுதி வைத்துவிட்டீர்கள். வேறெதையும் தொடுவதற்கு முன்னால் 113-ஐத் திரும்பப் போடுங்கள்.

பணம் சம்பந்தப்பட்டது என்பதால் அதையே முதலில் பார்த்துவிடுவோம். வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கு, 5 சதவீத ஐஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,350 ரூபாய்க்கு வரி 117.50. 2,250 ரூபாய்க்கு 112.50. இரண்டையும் பைத்தானின் ரவுண்டு ஃபங்ஷனிடம் கொடுத்தால் முதலாவது 118 ஆகிறது, இரண்டாவது 112 ஆகிறது. ஒன்று ஏறுகிறது, இன்னொன்று இறங்குகிறது. இது பிழை அல்ல. 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3 முதல், சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவதுதான் ரவுண்டின் வழக்கம். 0.5 பூஜ்யமாகும், 1.5 இரண்டாகும், 2.5-உம் இரண்டாகும். ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது பாதியை எப்போதும் மேலேற்றினால் மொத்தம் வீங்கிவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பைத்தான் 2 இப்படிச் செய்யாது. பழைய பாடங்களைப் பார்த்து எழுதுகிறவர்கள் இடறுவது இங்கேதான்.

சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017-இன் 170-ஆவது பிரிவின்படி, ரூபாய்க்கு மேல் நிற்கும் பைசா 50 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த ரூபாயாக ஏற்ற வேண்டும். 50-க்குக் குறைவென்றால் விட்டுவிட வேண்டும். ஐஜிஎஸ்டிக்கும் இதே விதிதான். ஆக 112.50 என்பது 113. நீங்கள் முதலில் எழுதிய சோதனை சட்டப்படி எழுதப்பட்டது. 2,350 ரூபாய்க் கணக்கை மட்டும் சோதித்திருந்தால் இந்தக் கோளாறு வெளியே வந்தே இருக்காது.

தீர்வு, தசம எண்களைத் துல்லியமாகக் கணக்கிடும் டெசிமல் மாட்யூல். ஆனால் அதை இறக்கிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள், ஆகாது. டெசிமலும் எதுவும் சொல்லாவிட்டால் பாதியை இரட்டைப்படைக்கே கொண்டுபோகும். குவான்டைஸ் செய்யும் (அதாவது முழு ரூபாயாக்கும்) இடத்தில் 'ரவுண்டு ஹாஃப் அப்' என்பதை நீங்களே வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, எண்களை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகவே டெசிமலுக்குக் கொடுங்கள். 0.1 என்ற ஃப்ளோட்டை (பைத்தானின் சாதாரணத் தசம எண்ணை) அப்படியே கொடுத்தால் அதன் வாலில் ஒட்டியிருக்கும் நுண்பிழையும் சேர்ந்தே உள்ளே போய்விடும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறதே, அந்தப் பிழைதான்.

ஏறக்குறையச் சமமா என்று பார்க்கும் பைடெஸ்ட்டின் அப்ராக்ஸைப் போட்டுவிடலாமா என்று அடுத்து தோன்றும். பணத்தில் வேண்டாம். அதன் இயல்பான தளர்வு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கோடி ரூபாய் மொத்தத்தில் பத்து ரூபாய் வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தராசு, வெப்பமானி போன்ற அளவீடுகளுக்கு அது நல்ல கருவி, ரசீதுக்கு அல்ல.

இனி மற்ற கோளாறுகள். இவற்றில் ஒன்றுகூட நினைத்தபோது தோற்று நினைத்தபோது தேறுவதில்லை. ஒவ்வொன்றிலும் ஃபங்ஷன் தன் கையில் யாரும் கொடுக்காத ஏதோ ஒன்றை வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எதை எடுக்கிறது என்று கண்டுபிடித்து, அதை வெளிப்படையாகக் கொடுக்கும்படி மாற்றுவதுதான் வேலை.

சேர்த்து ஓட்டினால் தோற்பதற்கு உங்கள் ரசீது ஃபங்ஷனின் முதல் வரியே போதுமான சாட்சியாக இருக்கும் என்று நினைக்கிறேன். சரக்கைச் சேர்க்கும் ஃபங்ஷனுக்கு இரண்டு உள்ளீடுகள் இருக்கும்: சரக்கு, ரசீதுப் பட்டியல். பட்டியல் தராவிட்டால் வெற்றுப் பட்டியலாக இருக்கட்டும் என்று இரண்டாவதற்கு வெறும் சதுர அடைப்புக்குறியை இயல்பு மதிப்பாக வைத்திருப்பீர்கள். அந்த வெற்றுப் பட்டியல் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதிதாகப் பிறப்பதில்லை. ஃபங்ஷன் வரையறுக்கப்படும் நேரத்தில் ஒரே ஒரு தடவை உருவாகி, அதன்பின் எல்லா அழைப்புகளுக்கும் அதே பட்டியல்தான். முதல் சோதனை ஒரு வேட்டியைச் சேர்க்கிறது, நீளம் 1, தேறுகிறது. இரண்டாவது ஒரு துண்டைச் சேர்க்கிறது, நீளம் 1 என்று எதிர்பார்க்கிறது. பட்டியலிலோ வேட்டியும் இருக்கிறது, துண்டும் இருக்கிறது. தனியாக ஓட்டினால் வேட்டி இல்லை, அதனால் தேறுகிறது. சோதனையை விடுங்கள், கடையில் இதே நிரல் நாள் முழுவதும் ஓடினால் ஒருவர் வாங்கிய சரக்கு அடுத்தவர் ரசீதில் ஏறும். இயல்பு மதிப்பாக நன் (None, 'எதுவும் இல்லை') என்பதை வையுங்கள். உள்ளே வந்தபின், நன் என்றால் புதுப் பட்டியல் உருவாக்குங்கள்.

அது இல்லையென்றால் அடுத்து பார்க்க வேண்டியது ஃபிக்ஸ்சர், அதாவது சோதனைக்கு வேண்டிய பொருளைத் தயாரித்துக் கொடுக்கும் ஃபங்ஷன். பைடெஸ்ட்டில் ஃபிக்ஸ்சர் இயல்பாக ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக உருவாகும். வேகத்துக்காக அதன் ஸ்கோப்பை (ஆயுள் எல்லையை) மாட்யூல் என்றோ செஷன் என்றோ மாற்றியிருந்தால் எல்லாச் சோதனைகளும் ஒரே பொருளைப் பகிர்ந்துகொள்ளும். கிளாஸுக்குள் நேரடியாக எழுதிய பட்டியலும் நிரலின் தலைப்பில் வைத்த டிக்ஷனரியும் இதே வகைதான்.

எந்தச் சோதனை அழுக்கு விட்டுப்போகிறது என்று தெரியாவிட்டால், தோற்கும் சோதனைக்கு முன்னால் ஓடுகிறவற்றைப் பாதியாகப் பிரித்து, முதல் பாதியையும் தோற்கும் சோதனையையும் மட்டும் ஓட்டுங்கள். தேறினால் குற்றவாளி மறு பாதியில். அதையும் பாதியாக்குங்கள். நூறு சோதனைகளானாலும் ஏழு தடவைக்குள் முடிந்துவிடும். பிறகு, 'பைடெஸ்ட் ரேண்டம்லி' என்ற செருகுநிரலைச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வரிசையைக் கலைத்து ஓட்டும். எந்த விதை எண்ணில் கலைத்தது என்பதையும் அச்சிடும், அதைக் கொடுத்து அதே வரிசையைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.

ஒரு சோதனை ஏன் இரவில் மட்டும் தோற்கிறது என்பது, ஒரு மணிக்கு ஓடுகிறது என்று நீங்கள் சொன்ன உடனேயே தெரிந்துவிட்டது. வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஈரோட்டில் 16-ஆம் தேதி அதிகாலை ஒரு மணி என்றால் சர்வருக்கு இன்னும் 15-ஆம் தேதி இரவு ஏழரை. சோதனை, இந்திய நேரத்தில் 'இன்றைய' ஆர்டர் ஒன்றை உருவாக்குகிறது. நிரல், சர்வர் நேரத்தில் 'இன்று' எது என்று பார்த்து வடிகட்டுகிறது. நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை இவை ஒத்துவரவே மாட்டா. பகலில் எத்தனை முறை ஓட்டினாலும் தேறும்.

பலர் இங்கே மாக் பக்கம் ஓடுவார்கள், அதாவது உண்மையான ஃபங்ஷனுக்குப் பதிலாகப் போலி ஒன்றைப் பேட்ச் செய்யப் பார்ப்பார்கள். டேட் கிளாஸின் டுடே-ஐ நேரடியாக மாற்றப் பார்த்தால் பைத்தான் விடாது. அது சி மொழியில் எழுதப்பட்ட உள்ளமைந்த கிளாஸ். ரசீது மாட்யூல் டேட்டைப் பெயர் சொல்லி இறக்குமதி செய்திருந்தால், டேட்டைம் மாட்யூலில் பேட்ச் செய்தும் பயனில்லை. ரசீது மாட்யூல் தன் பெயரில் ஒரு பிரதியைப் பிடித்து வைத்திருக்கிறது. பேட்ச் அங்கேதான் செய்ய வேண்டும். ஃப்ரீஸ்கன் என்ற நூலகம் இந்தத் தலைவலியை ஓரளவு குறைக்கும். என்னைக் கேட்டால் இதெல்லாம் சுற்றுவழி. 'இன்று' என்பதை ஃபங்ஷனுக்கு ஓர் உள்ளீடாகக் கொடுங்கள். சோதனையில் நீங்கள் விரும்பும் தேதியைக் கொடுக்கலாம், மார்ச் 31-ஐயும் ஏப்ரல் 1-ஐயும் கொடுத்து நிதியாண்டு மாறும் இடத்தையும் பார்த்துவிடலாம். உண்மையான நிரலில், ஒரே ஓர் இடத்தில் மட்டும், பைத்தான் 3.9 முதல் கூடவே வரும் ஜோன்இன்ஃபோ என்ற நேரமண்டல மாட்யூலிடம் ஏஷியா கொல்கத்தா என்று கேட்டு இன்றைய தேதியை எடுத்துக் கொடுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது எளிதில் கிடைக்காது. பொன்னி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 'பொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ப-வும் ஒகரக் குறியும், அல்லது ப-வும் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தானில் முதல் பொன்னியின் நீளம் 6, இரண்டாவதன் நீளம் 7. பைத்தான் குறியீடு குறியீடாகத்தான் ஒப்பிடும், ஆகவே சமமில்லை என்கிறது. யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனுக்கு 'என்எஃப்சி' (சேர்த்தெழுதும் வடிவம்) என்று சொல்லிக் கொடுத்தால் இரண்டும் 6 ஆகிவிடும். கோப்பிலிருந்து படிக்கும் இடத்திலேயே ஒரு தடவை செய்துவிடுங்கள், ஒப்பிடும் இடந்தோறும் செய்ய வேண்டாம்.

இதற்கும் மசியாத ஒன்று உண்டு. சௌந்தரம் என்று தட்டும்போது சிலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் 'ள' என்ற எழுத்தையும் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. யூனிகோடின் பார்வையில் அது வேறு சொல்லே, என்எஃப்சி அதைத் தொடாது. அதற்கென்று தனியாக ஒரு மாற்று விதி எழுத வேண்டும், அதற்கொரு சோதனையும் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் அந்தப் பெயரை ஆஸ்கி ஃபங்ஷனுக்குக் கொடுத்து அச்சிடுங்கள். ஒவ்வொரு குறியீடும் எண்ணாக வந்து நிற்கும், வேற்றுமை உடனே தெரியும்.

கடைக் கணினியில் கோப்பு திறக்காதது வேறு கதை. ஓப்பன் ஃபங்ஷனுக்குக் குறிமுறை (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதிவைக்கும் முறை) சொல்லாவிட்டால் விண்டோஸ் தன் பழைய 1252 குறிப்பக்கத்தை எடுத்துக்கொள்ளும். உபுண்டு யுடிஎஃப்-8 எடுத்துக்கொள்ளும். தமிழின் புள்ளி யுடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகள், கடைசிப் பைட்டுக்கு 1252-இல் இடமே கிடையாது. அதனால் முதல் மெய்யெழுத்து வந்த இடத்திலேயே நிரல் எரரோடு விழும். அதுகூட நல்லதுதான். புள்ளி இல்லாத 'மாலா' போன்ற பெயர் விழாமல், கிறுக்கலாக மாறி அமைதியாக உள்ளே போய்விடும். கோப்பைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் குறிமுறை யுடிஎஃப்-8 என்று எழுதுங்கள். கோப்பு எக்செலில் யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமிக்கப்பட்டதென்றால் 'யுடிஎஃப்-8-சிக்' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் எக்செல் முதலில் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறி முதல் பத்தியின் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைப்பு கண்முன்னே இருந்தும் கீ எரர் வரும்.

ஒரு சோதனை தேறுகிறது என்பதற்காகவே அதை நம்பிவிடாதீர்கள். சோதனையில் சரிபார்க்கும் கட்டளையான அசர்ட்டுக்குப் பின் நிபந்தனையையும் செய்தியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது டியூபிள் (பல மதிப்புகளின் தொகுப்பு) ஆகிவிடும். வெறுமையற்ற டியூபிள் எப்போதும் உண்மை, சோதனை என்றென்றைக்கும் தேறும். பைத்தான் எச்சரிக்கை காட்டும், ஆனால் எல்லாம் தேறியது என்ற பச்சை நிற வரி திரையில் வந்தபின் யார் மேலே படிக்கிறார்கள்? ஒவ்வொரு சோதனையையும் எழுதி முடித்ததும் நிரலில் ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக்கி, அது தோற்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்ப மாற்றுங்கள்.

திருத்தும் வரிசை: மறுஓட்டத்தை எடுங்கள், வரிக் கணக்கைச் சரிசெய்யுங்கள், பிறகு ரசீதுப் பட்டியல், பிறகு தேதியும் பெயர்களும். இதுவரை போட்ட ரசீதுகளில் வரி சரியாக 50 பைசாவில் நின்றவற்றை மட்டும் தனியே பிரித்து உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள். அவற்றில் ஏறக்குறைய பாதியில் ஒரு ரூபாய் குறைந்திருக்கும்.