ஹெரால்டா, ஸ்டாண்டர்ட் 2000-ஆ? – கடிதம்

அன்புள்ள சார்,

அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் எங்கள் ஷெட்டில் நிற்கிறது. இப்போது ஒரு ஸ்டாண்டர்ட் 2000 விலைக்கு வருகிறது. இரண்டும் சென்னையில் செய்தவை, இரண்டுமே ரியர் வீல் டிரைவ். ஹெரால்டைக் கொடுத்துவிட்டு, புதிய டெக்னாலஜி உள்ளதை வாங்கலாமா? மைலேஜ், ஸ்பேர் எதில் சௌகரியம்?

அன்புள்ள தம்பி,

ஸ்டாண்டர்ட் கார் தொழிற்சாலை இருந்த பெருங்களத்தூர் பக்கம் போகும்போதெல்லாம் இந்த இரண்டு வண்டிகளும் என் மனதில் ஓடும். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மைலேஜை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்போகிற வண்டிக்கு என்ன மைலேஜ் கணக்கு? ஸ்பேர் அலைந்தால் கிடைக்கும்.

ஆனால் 'புதிய டெக்னாலஜி' என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. வருஷத்தைப் பார்த்து எழுதிவிட்டீர்கள், பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை. ஸ்டாண்டர்ட் 2000 வந்தது 1985-ல். அதன் பாடி பிரிட்டனில் 1976-ல் வந்த ரோவர் எஸ்டி1. அங்கே அது 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினோடு அறிமுகமான வண்டி. இங்கே அதற்குள் வைத்தது ஸ்டாண்டர்ட் வான்கார்டு என்ற பழைய காரின் வழிவந்த இரண்டு லிட்டர் இன்ஜின். அந்த வம்சம் 1940-களில் தொடங்கியது. 1959-ல் பிறந்த ஹெரால்டுக்கே அது மூத்தது! அவ்வளவு அழகான பாடியை அந்த இன்ஜின் இழுக்கத் திணறியது. 1988-ல் தயாரிப்பே நின்றுபோனது.

பின்பக்கம் குனிந்து பாருங்கள். எஸ்டி1-ல் இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் ஒரே ஆக்சில். ஹெரால்டில் இருப்பது ஸ்விங் ஆக்சில், பக்கத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே ஏறி இறங்கும்; ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது தன்பாட்டுக்கு ஓடும். சரி, வேகமாக வளைவில் போய்த் திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் அந்த ஸ்விங் ஆக்சில் காலை வாரிவிடும், வண்டியின் பின்பக்கம் சறுக்கும். அது உண்மைதான். ஆனால் இதில் எது புதிது, எது பழையது? சொல்லுங்கள்.

என் மாமாவிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. இரண்டு பக்கமும் கொக்கியை விடுவிப்பார். பானெட், மட்கார்டு எல்லாம் ஒன்றாக முன்னால் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைப்பார். அப்புறம் என்னிடம் நீட்டி, முனை என்ன நிறம் என்று கேட்பார். இன்ஜின் என்றால் என்னவென்று நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். குறுகலான எங்கள் தெருவில் வண்டியை ஒரே ஒடியில் திருப்பிவிடுவார். 25 அடி வட்டம் போதும் அதற்கு.

உங்கள் அப்பாவும் அந்த டயர் மேல் உட்கார்ந்திருப்பார் தம்பி. கையில் காசு இருந்தால் ஸ்டாண்டர்ட் 2000-ஐயும் வாங்குங்கள், நம் ஊர்ச் சரித்திரம் அது. ஹெரால்டை மட்டும் கொடுக்காதீர்கள். இந்த வாரமே பெட்ரோல் டேங்கைக் கழுவி, பிரேக் ரப்பர்களை மாற்றி, வண்டியை வெளியே எடுங்கள்.